எந்தப் பக்கம் வளர்கிறது

திரியெஸ்தேயில் போரா அடிக்கும் நாட்களில்
என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர்
எதையும் வாங்க வருவதில்லை.
காற்றைக் கதவுக்கு வெளியே விட வருகிறார்கள்.
நெரீனாவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

தலைக்குட்டையை அவிழ்த்தாள்.
கண்ணாடிப் பெட்டிமேல் முழங்கை ஊன்றி
"சவரம் செய்ய வேண்டும்" என்றாள்.
"யாருக்கு?"
"துய்லியோவுக்கு. என் கணவர்."
பிறகு, நான் கேட்காமலே:
நவம்பரிலிருந்து வலது கை வரவில்லை.
மின்சார ரேசர் இரைந்தால்
தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.
சத்தமில்லாத ஒன்று கொடுங்கள்.

சத்தமில்லாத ஒன்று.
பதினான்கு வருடத்தில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.
பளபளப்பு கேட்பார்கள். எடை கேட்பார்கள்.
ஜெர்மனியில் செய்ததா என்று
தலைகீழாகப் புரட்டிப் பார்ப்பார்கள்.

முழுக்கச் சத்தமில்லாதது கிடையாது, சொன்னேன்.
தோல்மேல் ஓடும்போது இதுவும் பேசும்,
வாட்டிய ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற அளவுக்கு.
"அது அவருக்குப் பழகின சத்தம்" என்றாள்.

மூன்று துண்டாய்க் கழன்று வருவதை எடுத்து வைத்தேன்.
சீப்புப்பல் விளிம்பு வேண்டாம், அது பசித்த வாய்.
பிளேடு கொஞ்சமாய் எட்டிப் பார்க்கிற இது போதும்.
பிடி நீளமாய் இருக்கட்டும்:
தன் முகம் என்றால் கை மடங்கும்,
இன்னொருவர் முகம் என்றால் நீள வேண்டும்.
அழுத்தாதீர்கள்.
எடை அதனிடமே இருக்கிறது,
உங்களிடமிருந்து அதற்கு ஒன்றும் வேண்டாம்.

பிரஷ் மூன்று.
வளைக்கரடி மயிர், வெந்நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்;
விலையைச் சொன்னதும் கீழே வைத்தாள்.
செயற்கை இழை, நல்ல பிள்ளை,
உதறினால் காய்ந்துவிடும்.
பன்றிமயிர் முதல் மாதம் குத்தும்,
நுனி பிளந்த பிறகுதான் பணியும்.
ஒவ்வொன்றையும் தன் கன்னத்தில் சுழற்றிப் பார்த்தாள்,
கண்ணை மூடி,
வாயை ஒரு பக்கம் இழுத்து,
ஆண்கள் கண்ணாடி முன் இழுப்பார்களே, அதேபோல்.
எங்கே பார்த்திருப்பாள்?
கதவிடுக்கில்தான்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.
எல்லாரிடமும் கேட்பதுதான்.
தாடி எந்தப் பக்கமாக வளர்கிறது?

பதில் இல்லை.
வெளியே யாருடைய குடையோ
கம்பியும் துணியுமாக உருண்டு போனது.
முப்பத்தொரு வருடம், என்றாள்.
காப்பிக்கு எத்தனை சர்க்கரை, தெரியும்.
எந்தப் பல் கட்டினது, தெரியும்.
எந்தப் பொய்க்கு எந்தப் புருவம் ஏறும், தெரியும்.
இது தெரியாது.
குட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மின்கட்டணச் சீட்டின் முதுகில்
ஒரு முகம் கொண்டுவந்தாள்.
மூக்கு இல்லை, கண் இல்லை,
அம்புக்குறிகள் மட்டும்.
கன்னத்தில் கீழ்நோக்கி.
தாடை விளிம்பில் காதுப்பக்கம்.
குரல்வளைக்கு இடதே ஒரு சுழி,
மாலுமிகளின் காற்று வரைபடத்தில் இருப்பதுபோல்.
"இங்கே தடவும்போது தூங்கிவிட்டார்.
மீதியை விளக்கை அணைத்துவிட்டு வரைந்தேன்."
கோடுகள் அங்கிருந்து சற்றுக் கோணல்.

முதல் தடவை போக்கோடு, என்றேன்.
இரண்டாவது வேண்டுமானால் குறுக்கே.
எதிர்ப்போக்கு இப்போது வேண்டாம்,
அந்தச் சுழியில் எப்போதுமே வேண்டாம்.
பன்றிமயிரை எடுத்தாள்.
விலைக்காகத்தான். வேறு காரணம் சொல்லவில்லை,
நானும் ஒன்றைக் கற்பித்துக்கொள்ளப் போவதில்லை.

அவள் போனபின் பார்த்தால்
பிளேடு உறை மேசைமேலேயே கிடக்கிறது.
மேலங்கி இல்லாமல் ஓடினேன்.
பேருந்து நிறுத்தத்தை நோக்கி
அவள் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள்,
காற்றுக்கு முதுகைக் கொடுத்து.
அதனால் முகம் என் பக்கம் இருந்தது.
உறையை நீட்டினேன்.
ஏதோ கேட்டாள்; போரா தின்றுவிட்டது.
விரலால் தன் கன்னத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்,
மேலிருந்து கீழே, மெல்ல.
தலையாட்டினேன். ஆமாம், அப்படித்தான்.

கடைக் கதவைச் சாத்தாமல் வந்தது
அப்புறம்தான் ஞாபகம் வந்தது.